அஸுமி: ஊருக்கும் குடும்பத்துக்கும் பழங்குடிக்கும் ஒரே பெயர். யாரிடமிருந்து யாருக்குப் போனது?

#1 மட்சுமோட்டோ_மணி

வணக்கம். வேலைக்காக மட்சுமோட்டோ வந்து மூன்று வருஷம் ஆகிறது. நாகானோ மாகாணம். ஜப்பானில் கடலைத் தொடாத மாகாணங்கள் எட்டு, அதில் இதுவும் ஒன்று. போன ஞாயிறு ஓயிட்டோ ரயிலில் அரை மணி வடக்கே போய் ஹோடகா நிலையத்தில் இறங்கினேன். பக்கத்திலேயே ஹோடகா ஆலயம்.

அந்த இடம் கடல் மட்டத்துக்கு 500 மீட்டர் மேலே. மேற்கே பார்த்தால் மூவாயிரம் மீட்டர் மலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் உள்ளே இருக்கும் தெய்வம் கடலரசனின் மகன்! செப்டம்பர் 26, 27 தேதிகளில் திருவிழா. ஊர்க்காரர்கள் படகு கட்டி இழுத்து வந்து ஒன்றோடொன்று மோதவிடுவார்களாம். காரணம் கேட்டால், "அஸுமி மக்கள் கடலிலிருந்து வந்தவர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

ஊர் பெயர் அஸுமினோ. வடக்கே இருக்கும் மாவட்டம் கித்தா-அஸுமி. என் அலுவலகத்தில் ஒரு பெண்ணுக்கு அஸுமி என்று பெயர். தொலைக்காட்சியில் வரும் ஒரு அரசியல்வாதியின் குடும்பப் பெயரும் அஸுமி. இதில் யார் பெயர் யாருக்குப் போனது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பசிக்கிறது

அஸுமினோ என்றால் வசாபி. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெளிந்த ஓடையில் பச்சைப் பசேலென்று வளருமே, அந்த ஊர்.

#3 கல்வெட்டுக்கிறுக்கு

மணி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் தொடங்கும் இடம் உங்கள் ஊர் இல்லை. அங்கிருந்து தென்மேற்கே வெகு தூரத்தில், க்யூஷு தீவின் வட கரையில், இன்றைய ஃபுகுவோகா நகரத்து விரிகுடாவில். விரிகுடாவின் வாயில் ஷிகானோஷிமா என்று ஒரு சின்னத் தீவு, நீண்ட மணல்திட்டால் கரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே ஷிகா-உமி ஆலயம். அடிக்கடல், நடுக்கடல், மேற்கடல் என்று மூன்று வதாட்சுமி தெய்வங்கள். 712இல் எழுதி முடித்த கோஜிகி என்ற பழைய வரலாற்று-புராண நூல், "இந்த மூன்று கடல் தெய்வங்களும் அஸுமி தலைவர்கள் தங்கள் மூதாதையாக வணங்கும் தெய்வங்கள்" என்று நேரடியாகச் சொல்கிறது. அந்த ஆலயத்தின் பூசகர் பொறுப்பு அஸுமி என்ற பெயர்கொண்ட குடும்பத்தில்தான் வழிவழியாக வந்தது.

720இல் வந்த அரசவை வரலாறான நிஹோன் ஷோகியில் இன்னும் இருக்கிறது. ஓஜின் பேரரசர் காலத்தில் அங்கங்கே இருந்த கடல் மக்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஆணைக்கு அடங்க மறுத்தார்களாம். அவர்களை அடக்கப் போனவர் ஓஹாமா, அஸுமிகளின் முன்னோர். அடக்கி முடித்ததும் கடல் மக்களுக்கு மேலாளராக அவரையே வைத்தார்கள். இந்தக் கதையை வரலாறாக எடுக்க வேண்டாம். ஆனால் அஸுமி என்பது வெறும் மீனவர் கூட்டம் இல்லை, மீனவர்களை மேய்த்த குலம் என்று அரசவை நினைத்தது என்பதற்கு அது சாட்சி. இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து ரிச்சூ பேரரசர் காலத்துக் கதை. ஹாமகோ என்ற அஸுமி தலைவன் ஓர் இளவரசனோடு சேர்ந்து கலகம் செய்து மாட்டிக்கொள்கிறான். உயிர்ப்பிச்சை கிடைக்கிறது, பதிலுக்கு முகத்தில் பச்சை குத்துகிறார்கள். அன்றிலிருந்து கண்ணோரத்தில் குத்திய பச்சைக்கு "அஸுமிக் கண்" என்று பெயர் வந்ததாம். கடலில் முங்குபவர்கள் தாங்களாகவே குத்திக்கொண்ட பச்சையை அரசவைக்காரன் தண்டனைக் கதையாக மாற்றிவிட்டான் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

#4 நெய்தல்நிலத்தாள்

ஒரு சந்தேகம் கிறுக்கு அண்ணே. இந்த ஷிகா தீவில்தானே தங்க முத்திரை கிடைத்தது? ஃபுகுவோகா அருங்காட்சியகத்தில் பார்த்த ஞாபகம். இத்தனூண்டு.

#5 கல்வெட்டுக்கிறுக்கு

அதேதான் தங்கச்சி. 1784இல் வயல் வேலையில் கிடைத்தது. பக்கம் 2.3 சென்டிமீட்டர், எடை 108 கிராம் சொச்சம். கி.பி. 57இல் சீனப் பேரரசர் வா நாட்டுத் (ஜப்பானுக்குச் சீனர்கள் வைத்த பழைய பெயர்) தூதனுக்குக் கொடுத்தது என்பது பெரும்பான்மைக் கருத்து. அதை அஸுமிகளோடு முடிச்சுப் போட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். தீவு ஒன்று என்பதைத் தவிர வேறு பிடி இல்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

#6 தொல்கடல்

நண்பர்களே, ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. இந்தப் பெயரின் பழைய உச்சரிப்பு அஸுமி அல்ல, "அடுமி". அஸுமினோ நகராட்சி இன்றும் தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதும்போது "ஸு"வுக்குப் பதில் பழைய "டு" வரிசை எழுத்தைத்தான் போடுகிறது. அடு! தமிழில் அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பு, அடுக்களை, அடுமனை. இனி கேளுங்கள்: எட்டாம் நூற்றாண்டில் ஜப்பானியப் பேரரசரின் சமையற்கூடத்தை நடத்தியவர்கள் யார்? அஸுமிகள்! இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

#7 பசிக்கிறது

ஐயா சொல்வது உண்மையா? சமையல்காரர்களா? எனக்கு இப்போதுதான் இழை பிடிக்கத் தொடங்குகிறது.

#8 கல்வெட்டுக்கிறுக்கு

தொல்கடல் ஐயா சொன்ன இரண்டு தகவலும் சரி. முடிச்சு மட்டும் தப்பு.

உச்சரிப்பு: ஆம், "அடுமி"தான் பழையது. டு என்பது ட்ஸு ஆகி ஸு ஆனது. ஜப்பானிய மொழி முழுக்க நடந்த மாற்றம் அது, இந்தப் பெயருக்கென்று நடந்ததில்லை.

சமையற்கூடம்: அதுவும் உண்மை. பேரரசரின் உணவைக் கவனித்த அலுவலகத்தின் தலைமை அஸுமி, தகஹாஷி என்ற இரண்டு குலங்களுக்கும் பரம்பரை உரிமை. காரணம் "அடு" இல்லை, கடல். அபலோனி, கடற்பாசி, உப்பு, மீன் என்று அரசனுக்குப் போகும் கடல் காணிக்கையைத் திரட்டியவர்கள் கடல் மக்கள். அவர்களின் மேலாளன் அந்தச் சாமானோடு சேர்ந்து அடுக்களைக்குள் வந்துவிட்டான்.

உள்ளே போனதும் சண்டை. சடங்கில் உணவு ஏந்திப் போகும்போது யார் முன்னால் நடப்பது? அஸுமியா, தகஹாஷியா? பல தலைமுறை இழுத்தது. கடைசியில் அஸுமி ட்சுகுநாரி என்பவர் ஆணையை ஏற்காமல் சடங்கை விட்டு வெளியேறினார். அதிகாரிகள் மரண தண்டனை கேட்டார்கள். பேரரசர் அதைக் குறைத்து 792இல் சாதோ தீவுக்கு நாடு கடத்தினார். நம் கோயில்களில் முதல் மரியாதைக்கு நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தகஹாஷி குலம் தன் பக்கத்து நியாயத்தை எழுதிவைத்த ஆவணம் இன்றும் பகுதி பகுதியாகக் கிடைக்கிறது. அஸுமிகளின் பதில் கிடைக்கவில்லை. தோற்றவன் கதைதான் எப்போதும் பாதியாக நிற்கும்.

ஐயா, உங்கள் "அடு" எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். அழகாகப் பொருந்துகிறது என்பதால்தான் எனக்குச் சந்தேகம். வேறு ஒரு "அடு" அங்கே சமையல் என்ற பொருளில் வந்தால் காட்டுங்கள், பேசலாம்.

#9 தொல்கடல்

பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு இருக்கிறது என்று சொன்னவர். அவரையும் இப்படித்தான் ஒதுக்கினார்கள்.

#10 கல்வெட்டுக்கிறுக்கு

ஓனோவை நான் மதிக்கிறேன். அவருடைய தமிழ்-ஜப்பானிய உறவுக் கொள்கையை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை, அது தனி இழைக்கான சண்டை. ஆனால் ஒன்று தெரியுமா? நான் மேலே மேற்கோள் காட்டிய நிஹோன் ஷோகிக்கு 1960களில் வந்த குறிப்புரைப் பதிப்பின் நான்கு பதிப்பாசிரியர்களில் அவரும் ஒருவர். பழஞ்சொல்லுக்கு எவ்வளவு கவனமாகக் குறிப்பு எழுத வேண்டும் என்பதை அவர் வேலையிலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

#11 நெறியாளர்

தமிழ்-ஜப்பானிய உறவு பற்றி ஏற்கனவே இழை இருக்கிறது. அதை அங்கே தொடருங்கள். இங்கே அஸுமி மட்டும்.

#12 ஒசாக்கா_உமா

நான் கொஞ்சம் குழப்பிவிட்டுப் போகிறேன். அஸுமி என்று எழுதும் அதே இரண்டு எழுத்துகள் ஷிகா மாகாணத்திலும் உண்டு. கவனியுங்கள், தீவின் ஷிகா வேறு, இந்த ஷிகா வேறு. கியோட்டோ பக்கத்தில், பீவா ஏரி இருக்கிற மாகாணம். ஏரியின் மேற்குக் கரையில் விழும் ஆறு ஒன்றுக்கு அதே எழுத்துகள்தான், ஆனால் வாசிப்பது "அடோ". அடோகவா. கொசெய் பாதையில் அந்தப் பெயரில் நிலையமும் இருக்கிறது. முதல் தடவை ரயிலில் போகும்போது பலகையைப் பார்த்து "அஸுமிகவா" என்று சத்தமாக வாசித்தேன். எதிரில் இருந்த பாட்டி சிரித்துவிட்டு, "அடோ, அடோ" என்றார். ஜப்பானியர்களே தப்பாக வாசிக்கும் பெயராம் அது, ஆறுதல் சொன்னார். விசிறிக்குள் இருக்கும் மூங்கில் சட்டங்களுக்குப் பேர் போன ஊர்.

எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. எப்படி?

#13 கல்வெட்டுக்கிறுக்கு

உமா அம்மா, நீங்கள் குழப்பவில்லை, தெளிவாக்கியிருக்கிறீர்கள். அஸுமி ஏன் அஸுமி என்று மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. அடுமி, அடோ இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உறவு காதிலேயே விழுகிறது.

எழுத்தைப் பற்றி ஒரு சுவையான செய்தி. முதல் எழுத்துக்கு "அமைதி" என்று பொருள். இரண்டாவதற்கு "மேகமூட்டம்". மேலே சூரியன், கீழே மேகம் என்று வரைந்திருப்பார்கள். "அமைதியான மேகமூட்டம்" என்று சுற்றுலாக் கையேட்டுக்காரர்கள் கவிதை எழுதக்கூடும். ஆனால் இங்கே பொருளுக்கு வேலையே இல்லை. இரண்டாம் எழுத்தின் பழைய சீன ஒலி ஏறக்குறைய "டொம்". ஜப்பானியர்களுக்கு அந்தக் காலத்தில் சொல்லின் கடைசியில் "ம்" நிற்காது. நம் பாட்டிமார் "பஸ்"ஸை "பஸ்ஸு" ஆக்கியதைப் போல அவர்கள் ஒரு "இ" சேர்த்து "டுமி" ஆக்கினார்கள். அவ்வளவுதான்.

இந்த "டொம்" எழுத்து நமக்கு அந்நியமும் இல்லை. சீனர்கள் பௌத்த நூல்களை மொழிபெயர்த்தபோது கௌதமர் பெயரின் கடைசிப் பகுதியை எழுத எடுத்ததும் இதே எழுத்துதான். தொல்கடல் ஐயா, இந்தியத் தொடர்பு வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், இதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது.

#14 தொல்கடல்

எடுத்துக்கொண்டேன். நன்றி. (அடுப்பையும் நான் இன்னும் அணைக்கவில்லை.)

#15 மட்சுமோட்டோ_மணி

என் கேள்வி அப்படியே நிற்கிறது அண்ணா. க்யூஷு கடற்கரைக்காரன் இந்த மலைக்குள் எப்படி வந்தான்? எதற்கு வந்தான்?

இன்னொன்று. ஹோடகா வளாகத்தில் ஹிராஃபு என்ற படைத்தலைவருக்குச் சிலை இருக்கிறது. படகுத் திருவிழா அவர் இறந்த நாள் என்று சொன்னார்கள்.

#16 கல்வெட்டுக்கிறுக்கு

முதலில் ஹிராஃபு. அஸுமி ஹிராஃபு உண்மையான ஆள். கொரியாவின் பெக்ஜே நாட்டுக்குத் தூது போனவர். 662இல் பெக்ஜே இளவரசனை நாடு திரும்ப வைக்க 170 கப்பல்களோடு போனார் என்று நிஹோன் ஷோகி எழுதுகிறது. அடுத்த வருஷம் பெக்காங் ஆற்று முகத்தில் சீனத்து தாங், கொரியத்து சில்லா படைகளிடம் ஜப்பான் கடற்படை நொறுங்கியது. அவர் அங்கே இறந்தார் என்பது ஆலய மரபு. நிஹோன் ஷோகி அவர் மரணத்தைச் சொல்லவில்லை.

இனி மலை. எப்படி வந்தார்கள் என்பதற்கு மூன்று வழி சொல்கிறார்கள். ஜப்பான் கடல் பக்கம் இத்தோயிகாவாவில் இறங்கி ஹிமே ஆற்றோரமாகத் தெற்கே ஏறியது ஒன்று. பசிபிக் பக்கம் அட்சுமி தீபகற்பத்திலிருந்து உள்ளே நுழைந்தது இன்னொன்று. உமா சொன்ன பீவா ஏரி வழியாகக் கிழக்கே நகர்ந்தது மூன்றாவது. எனக்கு முதல் வழி பிடிக்கும், இத்தோயிகாவாவில் ஜேட் என்ற பச்சைக் கல் கிடைக்கும் என்பதால். பிடிப்பதும் நிரூபணமும் வேறு வேறு.

ஆனால் வழியை விட முக்கியமான சான்று நாரா நகரத்து ஷோசோயின் கருவூலத்தில் இருக்கிறது. வரியாகக் கட்டிய ஒரு நார்த்துணி. அதில் மையால் எழுதியிருக்கிறது: ஷினானோ நாடு (இன்றைய நாகானோவின் பழைய பெயர்), அஸுமி மாவட்டம், குடும்பத் தலைவர் "அஸுமிபே" மஹிட்சுஜி கட்டிய துணி. ஆண்டு 764. உள்ளூர் அதிகாரி பெயரும் அஸுமிபே என்றே தொடங்குகிறது.

அந்த "பே"யைப் பாருங்கள். நான் மனதில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். பே என்றால் ஒரு குலத்துக்கு உழைப்பும் விளைச்சலும் கொடுக்கக் கட்டுப்பட்ட மக்கள். அஸுமிபே என்பவர் அஸுமி இல்லை, அஸுமிக்கு உரிய ஆள். அப்படியானால் மலைக்குள் கடல் மக்கள் கூட்டமாக வந்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. தலைமைக் குடும்பத்திலிருந்து சிலர் வந்திருக்கலாம். அல்லது ஏற்கனவே அங்கே நெல்லும் நாரும் விளைத்துக்கொண்டிருந்த மலை மக்களை அரசவை அஸுமி கணக்கில் எழுதியிருக்கலாம். பெயர் பயணம் செய்ய ஆள் பயணம் செய்ய வேண்டியதில்லை.

#17 மட்சுமோட்டோ_மணி

அப்படியானால் இந்த ஊர்க்காரர்கள் ஆயிரம் வருஷமாகத் தங்கள் எஜமானின் தாத்தாவைக் கும்பிடுகிறார்களா?

#18 கல்வெட்டுக்கிறுக்கு

அப்படியும் சொல்ல முடியாது, அங்கேதான் சிக்கல். 815இல் தலைநகரத்தில் தொகுத்த குலவரிசைப் பட்டியல் அஸுமி குலத்தை "கடல் தெய்வத்தின் மகன் ஹோடகாமியின் வழிவந்தவர்கள்" என்கிறது. ஹோடகா! உங்கள் மலையின் பெயர் தலைநகரத்துக் குலத்தின் முப்பாட்டன் பெயராக ஏறிவிட்டது. நூறு வருஷம் முந்தைய கோஜிகி அதே இடத்தில் வேறு பெயர் சொல்கிறது. இரண்டும் ஒரே தெய்வம்தான் என்று ஆலயம் விளக்கம் வைத்திருக்கிறது. கடற்கரையிலிருந்து மலைக்குப் பெயர் வந்தது மட்டுமில்லை, மலையிலிருந்தும் பெயர் திரும்பிப் போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எஜமான் தாத்தாவும் உள்ளூர்ச் சாமியும் எங்கேயோ ஒன்றாகிவிட்டார்கள்.

#19 ஒசாக்கா_உமா

குடும்பப் பெயர்களை விட்டுவிட்டீர்கள். 1875இல் மெய்ஜி அரசு எல்லோரும் குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்றது. சாதாரண ஜனங்கள் பலர் தாங்கள் இருந்த ஊர், வயல், ஆறு இவற்றின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இன்று ஒருவர் அஸுமி என்றால் பழைய குலத்தின் வாரிசு என்று நினைத்துவிட வேண்டாம், தாத்தாவின் தாத்தா அந்த ஊர்க்காரராக இருந்திருக்கலாம். மணி சொன்ன அரசியல்வாதி, 2011-12இல் நிதியமைச்சராக இருந்த அஸுமி ஜுன் என்றால், அவர் எழுத்தே வேறு. "அமைதியாக வசித்தல்" என்று பொருள்படும். வடகிழக்கே மியாகி மாகாணத்துக்காரர். உங்கள் அலுவலகப் பெண்ணின் பெயரை எத்தனையோ எழுத்துகளில் எழுதலாம், அதில் கடலும் இல்லை மலையும் இல்லை, கேட்க இனிமையாக இருக்கிறது என்று பெற்றோர் வைத்திருப்பார்கள்.

அப்புறம் அதாமியையும் அஸுமி என்று சிலர் எழுதுவார்கள், நம்பாதீர்கள். அதாமி என்றால் "சுடு கடல்", வெந்நீர் ஊற்று ஊர்.

#20 நெய்தல்நிலத்தாள்

நான் வேறு ஒன்றைக் கேட்க வந்தேன். ஷிகா தீவு ஆலயத்தில் ஏப்ரல் 15, நவம்பர் 15 இரண்டு நாளும் "மலையைப் புகழும் விழா" நடக்கும். கடல் சாமி கோயிலில், கடலோடிகள் மலையைப் பார்த்து "நல்ல மலை, செழித்த மலை" என்று பாடுவார்கள். இங்கே மலை ஊரில் படகு இழுக்கிறார்கள், அங்கே கடல் ஊரில் மலையைப் பாடுகிறார்கள். யாரும் இதைச் சொல்லவில்லையே?

எனக்கு அது ஆச்சரியமாகவே படவில்லை. நான் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி. அப்பா கட்டுமரத்தில் போனவர். எங்க பக்கம் மீன் கிடக்கும் பாறையைக் கண்டுபிடிக்கக் கணியம் பார்ப்பாங்க. மருந்துவாழ்மலை எந்தக் கோயில் கோபுரத்துக்கு நேரா வருது, அந்தப் பக்கத்து மலை எந்தத் தென்னந்தோப்புக்கு மேல நிக்குது, ரெண்டு கோடும் வெட்டுற இடத்துல நங்கூரம். மலை தெரியலைன்னா அன்னைக்குத் தொழில் இல்ல. ஜப்பான் மீனவர்களும் இதையே செய்யறாங்க, "யாமா-அதே" என்று பேர். கடலுக்குப் போறவனுக்கு மலைதான் விளக்கு. அவன் அதைப் பாடாம வேற எதைப் பாடுவான்?

#21 கல்வெட்டுக்கிறுக்கு

தங்கச்சி, இருபது வருஷமாகப் புத்தகத்தில் பார்க்கிறேன், இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. மலை மரம்தான் படகாகிறது என்பதால் பாடுகிறார்கள் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

உங்களுக்காக ஒன்று. மன்யோஷூ என்ற பழம்பாடல் தொகுப்பின் 16ஆம் பகுதியில் ஷிகா மீனவன் அராவோவைப் பற்றிப் பத்துப் பாட்டு உண்டு. எட்டாம் நூற்றாண்டு. ட்சுஷிமா தீவுக் காவலர்களுக்கு உணவு ஏற்றிப் போக அரசு ஆணை. ஆணை வந்தது வேறொரு கிழவருக்கு. "என்னால் முடியவில்லை, எனக்காகப் போவாயா" என்று அவர் கேட்க, அராவோ ஒப்புக்கொள்கிறான். புயலில் கப்பல் மூழ்குகிறது. அவன் மனைவி மக்கள் சோறு வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பதாக ஒரு பாட்டு. ஆணைக் கடிதம் எழுதிய அரசவைப் பெயர்களை எல்லாம் விட அராவோவின் பெயர்தான் எனக்கு அந்தத் தீவோடு ஒட்டிக்கிடக்கிறது. அவன் அஸுமியா என்று பாட்டு சொல்லவில்லை. அஸுமிகள் மேய்த்த கூட்டத்தில் ஒருவன்.

#22 பசிக்கிறது

சோறு வைத்துக்கொண்டு காத்திருந்தார்களா. சரி, இந்த ஒரு தடவை நான் எதுவும் சொல்லவில்லை.

#23 நெய்தல்நிலத்தாள்

மணி தம்பி, அடுத்த முறை ஹோடகா போனால் எனக்காக ஒரு வேலை செய். கோயில் வாசலில் நின்று பார், எந்த மலை எந்த மலைக்கு நேரா வருதுன்னு. அந்த இடத்தை எதுக்குத் தேர்ந்தெடுத்தாங்கன்னு தெரிஞ்சுக்கணும். படகோட்டிக்கு மட்டும்தான் தெரியும் அந்தக் கோடு.

#24 மட்சுமோட்டோ_மணி

அக்கா, இன்று காலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு நேரே போனேன். முதல் ரயில். வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன்.

மலையே தெரியவில்லை. கழுத்து வரை மேகம்.

#25 நெய்தல்நிலத்தாள்

பரவாயில்ல. அப்பாவும் இப்படி எத்தனையோ நாள் வெறுங்கையோட திரும்பி வந்திருக்கார். செப்டம்பர்ல போ, படகையும் பாத்துட்டு வா.